நாளொன்றுக்கு நாற்பத்து மூன்று வினாடி

"ஆச்சு" என்று நான் சொன்னேன். அது முழுப் பொய்யல்ல, முழு உண்மையும் அல்ல. ஆகிக்கொண்டிருந்தது என்பதுதான் உண்மை. ஆனால் "ஆகிக்கொண்டிருக்கிறது" என்று வாயைத் திறந்தால் ஏன், எப்படி, எத்தனை நாள் என்று கோயில் பாதிரியாரான அச்சன் கேட்பார். அவர் பின்னால் நிற்கிற கமிட்டிச் செயலாளர் ஜெயசிங் அண்ணன் அதையே இன்னும் இரண்டு தடவை கேட்பார். நாலு மணி பஸ் எனக்காக நிற்காது. எனக்கு மூக்கு நுனியில் கோபம், விளக்கம் சொல்வதென்றால் வேப்பங்காய். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "செரியாக்கியாச்சு அச்சா" என்று சொல்லிவிட்டு நடந்தேன். ஒரு சொல் வெல்லும், ஒரு சொல் கொல்லும் என்பார்கள். என் சொல் எதைச் செய்தது என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் ஜினி. பிறந்தது பாறசாலைக்குத் தெற்கே, கேரளம் முடிகிற கடற்கரையில். கட்டிக் கொடுத்தது அதியன்னூரில். வேலை கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில், பிறருடைய சர்வர்கள் படுத்துவிடாமல் பார்த்துக்கொள்கிற வேலை. என் ஒரே அண்ணன் பயஸ் கடலுக்குப் போகிறவன். ஒற்றையாளாகப் போய்த் தூண்டில் போடுகிற சின்ன வள்ளம் அவனுடையது. அவன் மனைவி குளோரி, எனக்கு மைனி. வயதில் என்னைவிட மூன்று மாதம்தான் மூத்தவள், அதனால் மைனி என்று பெயரே தவிர, நாங்கள் பேசுவதெல்லாம் கூட்டுக்காரிகள் மாதிரித்தான்.

எங்கள் ஊரில் இரண்டு நேரம் உண்டு, கோயில் நேரம், இந்திய நேரம். முன்பிருந்த அச்சன் ஒருவர், திருப்பலிக்கு ஜனம் பிந்திப் பிந்தி வருகிறதே என்று கோயில் கடிகாரத்தை இருபது நிமிடம் முன்னால் தள்ளி வைத்துவிட்டுப் போனார். ஜனம் திருந்தியதா என்றால் இல்லை, இருபது நிமிடத்தைக் கழித்துக் கணக்குப் போடக் கற்றுக்கொண்டது. கல்யாணத்துக்குக் கூப்பிட வருகிறவனிடம் கூட "கோயில் மணிக்கா, இந்திய மணிக்கா?" என்று கேட்பார்கள். பிற்பாடு கணினி வந்தபோது அதையும் அதே இருபது நிமிடம் முன்னால்தான் வைத்தார்கள்.

அந்தக் கணினி கோயிலை ஒட்டிய சின்ன அறையில் இருக்கிறது. காலையும் மாலையும் ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் மணியோசை போடுவது அதுதான். பக்கத்தில் வயர்லெஸ் பெட்டி. கடலில் நிற்கிற வள்ளத்திலிருந்து யாராவது பேசினால், அந்தச் சத்தத்தைக் கணினி தானாகப் பதிந்து, பதிந்த நேரத்தையே பெயராகப் போட்டு வைத்துக்கொள்ளும். வள்ளங்கள் கடலில் இருக்கிற நேரமெல்லாம் ஒருவர் அங்கே காவல் இருக்க வேண்டும். யார் எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று சுவரில் அட்டவணை ஒட்டியிருக்கும். அந்த மணியும் கோயில் மணிதான், சொல்ல வேண்டுமா.

புதிதாக வந்த அச்சனுக்கு இது பிடிக்கவில்லை. "தைவத்துக்க வீட்டிலே கள்ள நேரமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. என்னைக் கூப்பிட்டுச் சரியாக்கச் சொன்னார்.

கணினியின் கடிகாரத்துக்கு முள் கிடையாது, கைவைத்துத் திருப்ப முடியாது. உள்ளே கெர்னல் என்று ஒன்று உண்டு, எல்லாம் அதன் பொறுப்பு. நேரத்தை மாற்ற வேண்டுமென்றால் நாம் எழுதுகிற புரோகிராம் அதனிடம் போய் விண்ணப்பம் வைக்க வேண்டும். அந்த விண்ணப்பத்துக்கு சிஸ்டம் கால் என்று பெயர். இரண்டு விதமாகக் கேட்கலாம். 'செட்டைம்ஆஃப்டே' என்று கேட்டால் அந்த நொடியே தாவிவிடும், மூன்று மணி சட்டென்று இரண்டு நாற்பதாகிவிடும். 'அட்ஜ்டைம்' என்று கேட்டால் தாவாது. ஓட்டத்தைக் கொஞ்சமே கொஞ்சம் குறைத்து, யாருக்கும் தெரியாமல் நாளொன்றுக்கு நாற்பத்து மூன்று வினாடியும் சொச்சமும் மட்டும் பின்னால் இழுக்கும். இருபது நிமிடத்தை இழுத்து முடிக்க இருபத்தெட்டு நாள்.

நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். காரணம் இருந்தது. பின்னால் தாவினால் அதே இருபது நிமிடம் இரண்டு தடவை வரும், ஒரே பெயரில் இரண்டு பதிவு வந்தால் ஒன்று மற்றதை அழித்துவிடும். ஆனால் நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், அது மட்டுமல்ல காரணம். வள்ளம் எதுவும் இறங்காத ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து ஒரே தாவாகத் தாவ விட்டிருக்கலாம். ஒன்றும் ஆகியிருக்காது. மெல்ல இழுப்பதுதான் அழகு என்று எனக்குத் தோன்றியது. கற்ற வித்தையைச் சொந்த ஊரில் காட்டுகிற திமிர். ஒரு சனிக்கிழமை மூன்று மணிக்கு அந்தப் புரோகிராமை ஓடவிட்டு, எழுந்து, "ஆச்சு" என்றேன்.

மறுநாள் பூசையில் அச்சன் அறிவித்தார். கோயில் கடிகாரம் சரியாக்கப்பட்டுவிட்டது, இனி கோயில் நேரமும் இந்திய நேரமும் ஒன்றே, எல்லாரும் அதன்படி நடக்க வேண்டும். ஞாயிறுதோறும் பிறந்த ஊர்ப் பூசைக்கு வருகிற நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து போய் "அச்சா, அதுக்கு இன்னும் இருபத்தேழு நாள் உண்டு" என்று காதில் சொல்ல எத்தனை நேரம் ஆகும்? சொல்லவில்லை. இருபது நிமிடத்தில் யார் குடி முழுகப்போகிறது என்று நினைத்தேன்.

கண்டுபிடித்தது ஒரே ஒருவன், என் அண்ணன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, வயர்லெஸ் அறை வாசலில் நின்றுகொண்டு கைபேசியையும் கணினியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எட்டீ ஜினி, உனக்குச் சம்பளம் தாறவனக் கண்டு ஒரு வார்த்த பறையணும். கம்ப்யூட்டரு இப்பமும் பதினாலு நிமிஷம் முன்னாலயாக்கும் ஓடுது. என்னத்தச் செரியாக்கினே நீ?"

"மெள்ளச் செரியாவும். ஒரு நாளைக்கு நாப்பத்திமூணு செகண்டு. நீ வாய மூடு."

"எதுக்கு இந்த இழுவ? ஒரே வலியா வலிச்சு விட்டா என்ன?"

"கரமடி வலைய ஒரே வலியா வலிச்சா என்ன ஆவும்?"

"மடி பிஞ்சு போவும்."

"அதாக்கும்."

அவன் என் தலையில் ஒரு தட்டு தட்டினான். "அப்பம் இன்னும் இருவது நாளைக்கு நமக்கு ரெண்டு நேரம் உண்டு. கொள்ளாம்!" என்று சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் அவன் மேலுதடு கரேலென்று இருந்தது. மகளின் புதுநன்மைச் சடங்கில் படத்துக்கு நிற்க வேண்டுமென்று முந்தின நாள் மீசைக்கு டை அடித்திருந்தான். மீசையோடு உதடும் சேர்ந்து கறுத்துப் போயிருந்தது.

செவ்வாய்க்கிழமை அண்ணன் கடலுக்குப் போனான். மதியத் தேநீர் இடைவேளையில் நான் மைனிக்கு ஃபோன் செய்தேன். பேச்செல்லாம் அந்த மீசையைப் பற்றித்தான்.

"சோப்பு போட்டு உரச்சும் போவல்ல பிள்ளே. அந்தக் கறுத்த சுண்டோடயாக்கும் கடலுக்குப் போயிருக்கியாரு. மீனு கண்டா பேடிச்சு ஓடிரும்" என்றாள் மைனி. நான் சிரித்த சிரிப்பில் அலுவலகமே திரும்பிப் பார்த்தது. அவளும் மூச்சு முட்டச் சிரித்தாள். பிறகு, "வைக்கேன் பிள்ளே, டிவியில கருணக்கொந்த தொடங்கும்" என்று வைத்துவிட்டாள். மூன்று மணிக்கு இறை இரக்கச் செபமாலை சொல்வதை அவள் ஒருநாளும் விட்டதில்லை. முழங்காலில் நின்றுதான் சொல்வாள்.

அன்று கள்ளக்கடல். காற்றும் இல்லை, மழையும் இல்லை, எங்கோ தொலைவில் பிறந்த அலை சத்தமில்லாமல் வந்து ஏறுகிற கடலுக்கு எங்கள் ஊரில் அந்தப் பெயர். மாலையில் மற்ற வள்ளங்கள் திரும்பின. அண்ணனுடையது கவிழ்ந்து கிடந்ததை இருட்டுவதற்குள் கண்டுபிடித்தார்கள். அவன் இரண்டு நாள் கழித்துக் கரையேறினான். உடம்பு பார்க்க முடியாதபடி இருந்தது. மீசை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

ஒரு மாதம் போயிற்று. மைனி உறங்கவில்லை. உண்மையிலேயே உறங்கவில்லை. நான் விடுப்பு எடுத்து அவளோடு இருந்த நாட்களில் எப்போது கண்விழித்தாலும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் கேட்டாள்.

"ஜினி, அவருக்க சத்தம் எதாவது அந்தக் கம்ப்யூட்டருல காணுமா? பழசானாலும் மதி. நாப்பத்தொண்ணாம் நாளு பூசைக்கு முன்ன ஒருக்கா கேக்கணும்."

போனோம். அறையில் அச்சனும் ஜெயசிங் அண்ணனும் இருந்தார்கள். காவலுக்கு ஆன்சன் மாமா உட்கார்ந்திருந்தார், அறுபது வயதுக்காரர். பழைய பதிவு எதையாவது எடுக்கலாம் என்றுதான் தேடினேன். அந்தச் செவ்வாய்க்கிழமையின் பட்டியலில் மூன்று மணி ஐந்து நிமிடம் என்ற பெயரில் ஒன்று கிடந்தது. யாரும் திறந்து பார்த்திராத பதிவு. எதையும் யோசிக்காமல் திறந்தேன்.

"கரையே... கரையே... பயஸாக்கும். எஞ்சின் நின்னு போச்சு. தண்ணி கேறுது. ஆருண்டு அங்க?"

இரைச்சல். பிறகு, "எலே, ஆருமில்லியா?"

மறுபடி இரைச்சல். கடைசியாக, "ஆன்சன் மாமா... லிண்டோ... ஆராவது ஒருத்தரு எடுங்க மக்கா..."

அவ்வளவுதான். ஆன்சன் மாமா எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டார். அச்சன் சிலுவை போட்டார். ஜெயசிங் அண்ணன் பதிவின் பெயரைப் பார்த்தார், பிறகு சுவரிலிருந்த அட்டவணையைப் பார்த்தார். செவ்வாய், மூன்று மணி வரை ஆன்சன். மூன்று முதல் ஆறு வரை லிண்டோ.

"நான் மூணுக்குத்தான் எந்திரிச்சேன். இதுல மூணு கண்டுட்டாக்கும் எந்திரிச்சேன்" என்று ஆன்சன் மாமா கணினியைக் காட்டி அழுதார். "அவன் ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல வருவான்னு நெனச்சுத்தானே மக்கா டீ குடிக்கப் போனேன்."

லிண்டோவைக் கூட்டிவந்தார்கள். அவனுக்கும் அண்ணனுக்கும் இரண்டு வருடம் முன்பு பந்துகளியில் அடிதடி நடந்து பேச்சுவார்த்தை இல்லை, ஊரறிந்த விஷயம். பதிவைக் கேட்டதும் அவன் முகம் செத்துப்போயிற்று.

"நான் மூணுக்கு வந்தேன். ஃபோனுல மூணு கண்டுட்டாக்கும் உள்ள கேறினேன். இனி இந்திய நேரம்ணு அச்சன்தானே பறஞ்சாரு? அதுக்குப் பொறவு எனக்கு மொத முற அதாக்கும். உள்ள வந்தா இதுல மூணு பன்னிரெண்டு. இது பிழையா ஓடிச்சு, நான் கண்ணால கண்டேன்."

ஜெயசிங் அண்ணன் தம் கைபேசியைக் கணினித் திரைக்குப் பக்கத்தில் வைத்தார். வினாடி கூட மாறாமல் இரண்டும் ஒன்றாக ஓடின. இருபத்தெட்டு நாள் கழிந்துவிட்டதே. என் வித்தை முடிந்து, தடயமில்லாமல் போயிருந்தது.

"எங்கலே பிழ? காட்டு, பாப்போம்."

என் தலைக்குள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்தினாலும் நிற்கவில்லை. அண்ணன் கூப்பிட்டது புரோகிராம் ஓடத் தொடங்கிய பத்தாம் நாள். பத்து நாளில் ஏழு நிமிடம் பன்னிரண்டு வினாடி குறைந்திருக்கும். மீதி பன்னிரண்டு நிமிடம் நாற்பத்தெட்டு வினாடி கூடுதல். ஆன்சன் மாமா எழுந்த மூன்று மணி, உண்மையில் இரண்டு நாற்பத்தேழு. லிண்டோ உள்ளே வந்தது உண்மையான மூன்று. இரண்டு பேரும் சொன்னது உண்மை. நடுவே பன்னிரண்டு நிமிடம் நாற்பத்தெட்டு வினாடி அந்த அறையில் யாருமே இல்லை. அந்த ஓட்டைக்குள் நின்றுதான் என் அண்ணன் கூப்பிட்டிருக்கிறான், இரண்டு பேர் பெயரையும் சொல்லி. அது யாருடைய நேரம் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. என்னைத் தவிர, ஊரில் இரண்டு நேரம் இருப்பதை அறிந்த ஒரே ஆள் அவன். ஓட்டையைப் போட்டவள் நான்.

"ஜினி, நீதானே இதச் செரியாக்கினே? நீ பறை" என்றான் லிண்டோ.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் மைனி பேசிவிட்டாள்.

"மூணு அஞ்சா? மூணு அஞ்சுக்கா விளிச்சாரு?" அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. "அப்பம் நான் முட்டுல நிக்கேன் ஜினி. கொந்த சொல்லிட்டு முட்டுல நிக்கேன். அவரு அங்க நின்னு விளிக்கும்போ நான் இங்க நின்னு கர்த்தர விளிச்சிட்டு இருந்திருக்கேன். ஒத்தைக்கு இல்ல அவரு. ஒத்தைக்கு இல்ல."

சொல்லிக்கொண்டே என் மடியில் விழுந்து அழுதாள். ஒரு மாதமாக வராத அழுகை.

"செரியாக்கியாச்சுன்னு இவதானே அச்சங்கிட்டப் பறஞ்சா. இல்லியா மக்கா?" என்றார் ஜெயசிங் அண்ணன்.

நான் தலையாட்டினேன். அட பாவி, தலையாட்டினேன். லிண்டோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு யாரோ அவன் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார்கள்.

அன்று மைனி உறங்கினாள். ஆறு மணி நேரம், குழந்தையைப் போல வாயைத் திறந்துகொண்டு. அதற்குப் பிறகு நான் எப்படிச் சொல்வேன்? மைனிக்காக மூடினேன், எனக்காகவும் மூடினேன். எது எத்தனை பங்கு என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒன்பது நாள் அப்படிப் போயிற்று.

பத்தாம் நாள் சனிக்கிழமை காலை, மைனி வீட்டுக்குப் போவதற்காக உதியன்குளங்கரையில் பஸ் மாற இறங்கினேன். எதிர்ப்பக்கம் லிண்டோ நின்றிருந்தான், கையில் சோற்றுப் பொதி. நான் கடைக்குள் நுழைந்து ஒளியப் பார்த்தேன். அவன் பார்த்துவிட்டு ரோட்டைக் கடந்து வந்தான். கோபமாகப் பேசியிருந்தால் நானும் திருப்பிக் கத்தித் தப்பித்திருப்பேன். அவன் கோபப்படவில்லை.

"எங்க போறே லிண்டோ?"

"ஆரியங்கோட்டுக்கு. ரப்பருப் பாலு சுமக்கியதுக்கு. வள்ளத்துல ஆரும் என்ன ஏத்தல்ல." பொதியைக் கை மாற்றிக்கொண்டான். "மலையில வேல செய்ததே இல்ல பாத்துக்கோ. கீழ கடலு இல்லாத்தது என்னமோ போல இருக்கு."

பஸ் வருகிறதா என்று அவன் எட்டிப் பார்த்தான்.

"பயஸுக்கும் எனக்கும் அடி உண்டு, இல்லேன்னு பறயல்ல. ஆனா கடலுல நின்னு ஒருத்தன் விளிச்சா கேக்காத்தவனா ஜினி நான்? எனக்க பேரயும் சொல்லித்தானே விளிச்சான்." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "வீட்டுல சுமி நித்தமும் கேக்கா, நேரு பறயுங்க, பொய் வேண்டாம், ஒறங்கிப் போனியளான்னு. இப்பம் எனக்கே சந்தேகமாக்கும். மூணு பன்னிரெண்டு கண்டேனா, இல்ல ஒறங்கிட்டுக் கனவு கண்டேனா. எனக்குத் தெரியல்ல. கொன்னுட்டேனோன்னு இருக்கு."

அவன் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டான். நான் கடை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மனிதன் தன் கண்ணால் கண்டதையே நம்பாமல் போகும்படி செய்திருக்கிறேன். வேலையைப் பறித்ததைவிட அது பெரிய பாவம் என்று எனக்குத் தோன்றியது.

நேரே மைனி வீட்டுக்குப் போனேன். அவள் நாற்பத்தொன்றுக்கு வருகிறவர்களுக்காகப் பாய்களை உதறிக் காயப்போட்டுக் கொண்டிருந்தாள். உறக்கம் கிடைத்ததில் முகம் தெளிந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அச்சனிடம் "ஆச்சு" என்று சொன்னதிலிருந்து நாற்பத்து மூன்று வினாடிக் கணக்கு வரை ஒன்றையும் விடாமல் சொன்னேன். அவள் பாயைக் கீழே வைத்தாள்.

"அப்பம் அவரு விளிச்சது எப்பம்?"

"ரெண்டு அம்பத்திரெண்டு."

அவள் யோசித்தாள். யோசித்து வந்து சேரப்போகும் இடம் எனக்குத் தெரியும். அதற்கு முன்னே தரை பிளந்து விழுங்காதா என்றிருந்தது.

"உனக்க ஃபோனக் கொண்டா" என்றாள். அந்தச் செவ்வாய்க்கிழமையின் அழைப்புப் பட்டியலை எடுத்துக் கொடுத்தேன். குளோரி மைனி. இரண்டு நாற்பத்தொன்பது. எட்டு நிமிடம். விரலால் எழுத்துக் கூட்டுகிறவளைப் போல அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"நாம பேசிட்டு இருந்தோம்."

"ஆமா மைனி."

"என்னத்துக்குச் சிரிச்சோம்?"

அவளே சொன்னாள். "அவருக்க மீச."

பாயின் மேல் உட்கார்ந்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள், "பத்து நாளு அந்தப் பொய்மேல தலவச்சாக்கும் நான் ஒறங்கினேன். அத நீயே தந்தே, நீயே எடுக்கே. உன்ன அடிச்சுக் கொல்லணும் போல இருக்கு ஜினி."

"அடி மைனி."

அவள் அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"லிண்டோ ஒறங்கினானா?" என்று கேட்டாள்.

"இல்ல."

அவள் எழுந்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டாள். "எந்திரி. வா" என்றாள்.

லிண்டோ வீட்டு முற்றத்தில் சுமி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் பயந்து எழுந்தாள். மைனி படலைக்கு வெளியே நின்றே, அந்தச் சந்து முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"சுமி, உனக்க மாப்பிள ஒறங்கல்ல. நேரத்துக்குத்தான் வந்தான். எனக்க ஆளு விளிச்சது ரெண்டு அம்பத்திரெண்டுக்காக்கும். அப்பம் அங்க ஆரும் இல்ல. நான் சிரிச்சிட்டு இருந்தேன். எல்லாரும் கேட்டுக்கிடுங்க."

கடைசி வார்த்தையைச் சொல்லி முடிக்குமுன் அவள் குரல் உடைந்தது. சுமி ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்டாள். நான் இரண்டு பேருக்கும் பின்னால், எந்தப் பக்கமும் சேராமல் நின்றேன்.

நாற்பத்தொன்றாம் நாள் பூசை முடிந்ததும் நான் பீடத்துக்கு முன்னால் போய் நின்று அதையே ஊருக்குச் சொன்னேன். அன்றாவது விளக்கமாகச் சொன்னேன். சிலர் திட்டினார்கள், சரி. ஜெயசிங் அண்ணன் அதிசயமாக ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆன்சன் மாமா வந்து என் தலையில் கைவைத்துவிட்டுப் போனார், அதுதான் தாங்க முடியவில்லை. கூட்டம் கலைந்தபிறகு லிண்டோ வந்தான்.

"அப்பம் மூணு பன்னிரெண்டு நான் கண்டது நேருதானே?"

"நேருதான் லிண்டோ. மூணு பன்னிரெண்டுதான் காட்டியிருக்கும்."

"நேரு" என்று தனக்குள் சொல்லிப் பார்த்தான். வேறெதுவும் கேட்கவில்லை, வையவும் இல்லை. வள்ளத்துக்கு வா என்று பிறகு பலரும் போய்க் கூப்பிட்டார்கள். வேண்டாம் என்றுவிட்டான். இப்போதும் ஆரியங்கோட்டுக்குத்தான் போகிறான்.

மைனியின் உறக்கம் மறுபடி போயிற்று. என்னோடு பேசுவதையும் நிறுத்திவிட்டாள். இரண்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, அலுவலகத்தில் இருக்கும்போது அவளிடமிருந்து ஃபோன் வந்தது. நேரத்தைப் பார்த்தேன், இரண்டு நாற்பத்தொன்பது. எடுத்தேன். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. நானும் பேசவில்லை. ஐம்பத்திரண்டு ஆனபோது அவள் அழத் தொடங்கினாள். நான் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் நின்று அழுதேன். எட்டு நிமிடம் ஆனதும், "வைக்கேன், கொந்தைக்கு நேரமாச்சு" என்று வைத்துவிட்டாள்.

அதிலிருந்து எல்லாச் செவ்வாயும் அந்த நேரத்துக்குக் கூப்பிடுகிறாள். அந்த எட்டு நிமிடம் நாங்கள் பேசுவதில்லை, இரண்டு பேரும் ஃபோனைக் காதில் வைத்தபடி அவன் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். போன வாரம் அலுவலகத்துக் கூட்டுக்காரி ஒருத்தி, "உன் மைனிக்கு இப்பம் எல்லாம் செரியாச்சா?" என்று கேட்டாள். "ஆகல்ல" என்றேன். "கொறச்சு கொறச்சா ஆகுமாயிருக்கும்" என்று பதில் சொன்னாள். நாளொன்றுக்கு எவ்வளவு என்று வாய்வரை வந்தது, கேட்கவில்லை.